விசையும் இயக்க விதிகளும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் இயக்க விதிகள் பாடம் முடிந்ததும் எழும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதேதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். மூன்று விதிகளையும் தடங்கலின்றி ஒப்பிப்பவர்கள்கூட இந்தக் கேள்விகளில் திணறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ‘விசை’ என்று சொல்லும்போது அது எந்தப் பொருளின் மேல் செயல்படுகிறது, அதைத் தருவது எந்தப் பொருள் என்ற இரண்டையும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு விடுபடலைத்தான் சரிசெய்கின்றன.

விசைன்னா தள்ளுறது, இழுக்கிறது. அவ்வளவுதானா?

தொடக்கத்துக்கு அது போதும். ஒரு பொருளின் வேகத்தையோ திசையையோ வடிவத்தையோ மாற்றுகிற தள்ளலும் இழுப்பும் விசைதான். அதற்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. ‘10 நியூட்டன்’ என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். எந்தப் பக்கமாக என்பதையும் சேர்க்க வேண்டும்.

விசை ஒரு பொருளுக்குள் அடைத்து வைத்த சரக்கு அன்று. ‘இந்தப் பந்தில் விசை இருக்கிறது’ என்பது பொருளற்ற வாக்கியம். ‘மட்டை பந்தைத் தள்ளுகிறது’, ‘பூமி மாங்காயை இழுக்கிறது’ என்று தருவதும் பெறுவதுமாக இரண்டு பெயர்கள் வந்தால்தான் அது விசை. பூமியின் ஈர்ப்பு, காந்தம், நிலைமின்னூட்டம் ஆகியவை தொடாமலே விசை தருபவை. பள்ளிக் கணக்குகளில் வரும் மற்ற எல்லாமே, அதாவது உராய்வு, கயிற்றின் இழுவிசை, தரை தாங்கும் விசை, காற்றின் தடை எல்லாம், தொட்டால்தான் வரும்.

ஒரு நியூட்டன்னா எவ்வளவு? கையில உணர முடியுமா?

முடியும். கடையில் வாங்கும் 100 கிராம் மிளகாய்த்தூள் பொட்டலத்தை உள்ளங்கையில் வையுங்கள். அது கையை அழுத்துவது ஏறக்குறைய 1 நியூட்டன். ஒரு லிட்டர் தண்ணீர் 9.8 நியூட்டன். 25 கிலோ அரிசி மூட்டை 245 நியூட்டன். வீட்டு எரிவாயு உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பும் ஏறக்குறைய அதே அளவு. நிறைந்த உருளையைத் தூக்குகிறவர் 300 நியூட்டனைத் தொட்டுப் பார்க்கிறார்.

பாடநூல் வரையறை வேறு வழியில் வருகிறது: 1 கிலோகிராம் நிறையுள்ள பொருளை 1 மீ/வி² முடுக்கத்தில் (முடுக்கம் என்பது வேகம் மாறும் வீதம்) நகர்த்தத் தேவைப்படும் விசை 1 நியூட்டன். இரண்டும் ஒரே அளவுதான். தேர்வில் வரையறையை எழுதுங்கள், மனத்தில் மிளகாய்த்தூளை வைத்துக்கொள்ளுங்கள். ‘இருசக்கர வண்டியைத் தள்ளத் தேவையான விசை 4 லட்சம் நியூட்டன்’ என்று விடை வந்தால் எங்கோ தவறிவிட்டோம் என்று அப்போதுதான் உறைக்கும்.

நிறையும் எடையும் ஒண்ணுதானே? கடையில ‘ரெண்டு கிலோ எடை’ன்னுதானே சொல்றாங்க?

கடைப் பேச்சில் தவறில்லை, இயற்பியலில் இரண்டும் வேறு. நிறை என்பது பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு; கிலோகிராமில் சொல்வோம்; எங்கே கொண்டுபோனாலும் மாறாது. எடை என்பது அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசை, நியூட்டனில் சொல்வோம், இடத்துக்கு இடம் மாறும். ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் சுமார் 9.78 மீ/வி², துருவங்களில் சுமார் 9.83. நிலவில் 1.62 மட்டுமே. 50 கிலோ மாணவி நிலவுக்குப் போனாலும் 50 கிலோதான், ஆனால் எடை 490 நியூட்டனிலிருந்து 81 நியூட்டனாகக் குறையும்.

இரண்டு தட்டுத் தராசு படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. ஈர்ப்பு இரு பக்கமும் ஒரே அளவில் மாறுவதால் அது நிலவிலும் சரியாகவே காட்டும். சுருள்வில் தராசும் மின்னணுத் தராசும் விசையை உணர்ந்து, அதைப் பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்துக் கிலோவாகக் காட்டுகின்றன. அவற்றை நிலவில் வைத்தால் 50 கிலோ மாணவியை 8 கிலோ சொச்சம் என்றே சொல்லும்.

இணையத்தில் இலங்கைப் பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டு நூல்களில் ‘நிறை’ எனப்படுவது அங்கே ‘திணிவு’. அங்கே ‘நிறை’ என்றால் இங்கே ‘எடை’. முடுக்கத்தை ‘ஆர்முடுகல்’ என்றும், நிலைமத்தைச் ‘சடத்துவம்’ என்றும் எழுதுவார்கள். இரு கரையின் சொற்களும் நல்ல தமிழ்தான். ஒரே விடைத்தாளில் கலந்துவிட்டால்தான் தொல்லை.

விசை கொடுக்கிறதை நிறுத்தினா பொருள் நின்னுடும்தானே? உருட்டிவிட்ட பந்து நிக்குதே?

பந்து தானாக நிற்கவில்லை; தரையின் உராய்வும் காற்றும் அதை நிறுத்துகின்றன. கேரம் பலகையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பவுடர் போடாத பலகையில் சுண்டிய காய் பாதி தூரத்திலேயே நின்றுவிடும். பவுடர் தூவிவிட்டு அதே அளவு சுண்டினால் எதிர்ப்பக்கம் போய் மோதித் திரும்பும். விரல் இரண்டு தடவையும் தந்தது ஒன்றுதான். மாறியது உராய்வு மட்டும். உராய்வை இன்னும் குறைத்தால் இன்னும் தூரம் போகும். முழுக்க எடுத்துவிட்டால் நிற்கவே காரணம் இராது.

நகரும் பொருள் நகர்ந்துகொண்டே இருக்க விசை தேவையில்லை, மாற்றத்துக்குத்தான் விசை தேவை என்பதே முதல் விதி. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் உலகம் உங்களைப் போலத்தான் நினைத்தது. கலிலியோ சாய்தளங்களில் குண்டுகளை உருட்டிப் பார்த்து அந்த எண்ணத்தை அசைத்தார். நியூட்டன் 1687இல் அதை விதியாக எழுதி வெளியிட்டார். எனவே இந்தக் கேள்வி கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை.

பஸ் பிரேக் போட்டா நம்மள முன்னாடி தள்ளுற விசை எது? நிலைம விசையா?

அப்படி ஒரு விசை இல்லை. முதல் கேள்வியில் சொன்ன சோதனையைப் போட்டுப் பாருங்கள்: முன்னால் தள்ளுவது யார்? முதுகில் கை வைத்தவர் ஒருவரும் இல்லை. பேருந்து 40 கிமீ வேகத்தில் போகும்போது நீங்களும் 40 கிமீ வேகத்தில் போகிறீர்கள். பிரேக், சக்கரம், சாலை எல்லாம் சேர்ந்து பேருந்தின் வேகத்தைக் குறைக்கின்றன. காலடியில் உள்ள உராய்வு உங்கள் பாதத்தையும் பேருந்தோடு நிறுத்துகிறது. இடுப்புக்கு மேல் உள்ள உடலை நிறுத்த எதுவும் இல்லாததால் அது பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. வெளியே நிற்பவர் கண்ணுக்கு நீங்கள் தள்ளப்படவில்லை. பேருந்துதான் உங்களுக்கு அடியிலிருந்து பின்தங்குகிறது.

நிலைமம் என்பது நிலை மாறாதிருக்க முயலும் பண்பு. அதற்கு நியூட்டன் அலகு கிடையாது. விடைத்தாளில் ‘நிலைம விசையால் முன்னே தள்ளப்படுகிறோம்’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. காரின் இருக்கைப் பட்டை அந்த விடுபட்ட விசையைத் தருகிறது: உங்கள் மார்பையும் இடுப்பையும் பின்னோக்கி இழுத்து, காரோடு சேர்த்து உங்களையும் நிறுத்துகிறது. பட்டை இல்லாவிட்டால் அந்த வேலையைக் கண்ணாடி செய்யும்.

‘விசை = நிறை × முடுக்கம்’ தெரியும். ஆனா விடை மட்டும் தப்பாவே வருது. ஏன்?

பெரும்பாலும் அலகுதான் காரணம். 500 கிராம் வண்டியை 2 நியூட்டன் தள்ளினால் முடுக்கம் என்ன என்ற கணக்கில் 2 ÷ 500 = 0.004 என்று எழுதிவிடுகிறார்கள். 500 கிராம் என்பது 0.5 கிலோகிராம், விடை 4 மீ/வி². ஆயிரம் மடங்கு வித்தியாசம். வேகத்திலும் இதே கதை: கிமீ/மணியை 5/18ஆல் பெருக்கி மீ/வி ஆக்கிய பிறகே சமன்பாட்டுக்குள் விட வேண்டும். 36 கிமீ/மணி 10 மீ/வி, 54 என்பது 15, 72 என்பது 20. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டால் பாதி கணக்குகளுக்குப் போதும்.

அடுத்த பிழை நுட்பமானது. சமன்பாட்டில் உள்ள விசை, பொருளின் மேல் செயல்படும் எல்லா விசைகளின் தொகுபயன். கணக்கில் கொடுத்த முதல் எண்ணைத் தூக்கி அங்கே வைக்கக் கூடாது. 10 கிலோ பெட்டியை 50 நியூட்டன் தள்ளுகிறது, உராய்வு 20 நியூட்டன் என்றால் முடுக்கம் 5 இல்லை; (50 − 20) ÷ 10 = 3 மீ/வி².

மூன்றாவது, குறி. 1500 கிலோ கார் 54 கிமீ/மணி வேகத்திலிருந்து 5 வினாடியில் நிற்கிறது: முடுக்கம் (0 − 15) ÷ 5 = −3 மீ/வி², விசை −4500 நியூட்டன். கழித்தல் குறி விடையின் பகுதி. விசை இயக்கத்துக்கு எதிர்த்திசையில் உள்ளது என்று அது சொல்கிறது.

மேல எறிஞ்ச பந்து மேல போகும்போது அதுமேல மேல்நோக்கி விசை இருக்கும்தானே? உச்சியில விசை பூஜ்யம்தானே?

இரண்டும் இல்லை. கையை விட்டு வந்ததும் கையின் விசை தீர்ந்தது. அதன் பிறகு பந்தைத் தொடுவது காற்று மட்டும். தொடாமல் இழுப்பது பூமி. காற்றை விட்டுவிட்டால், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் ஒரே விசை, கீழ்நோக்கி, மாறாத அளவில். பந்து மேலே போவது பழைய வேகத்தின் தொடர்ச்சி. வினாடிக்கு 9.8 மீ/வி என்ற கணக்கில் அந்த வேகம் கரைகிறது.

உச்சியில் ஒரு கணம் வேகம் பூஜ்யம். முடுக்கம் அப்போதும் 9.8 மீ/வி²தான். அதுவும் பூஜ்யமாக இருந்தால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டுமே.

கனமான பொருள்தானே வேகமா கீழ விழும்?

கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுக்கிறது என்பது உண்மை. அதை முடுக்கிவிட அதே விகிதத்தில் அதிக விசை வேண்டும் என்பதும் உண்மை. 2 கிலோவுக்கு 19.6 நியூட்டன், 1 கிலோவுக்கு 9.8 நியூட்டன், நிறையால் வகுத்தால் இரண்டுக்கும் 9.8 மீ/வி². இறகு மெதுவாக விழுவது காற்றுத் தடையால். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் நின்று ஒரு சுத்தியலையும் வல்லூறின் இறகு ஒன்றையும் ஒரே நேரத்தில் விட்டார். காற்றில்லாத அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன.

வகுப்பிலேயே செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தையும், அதைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டிய தாளையும் தனித்தனியாக விடுங்கள். தாள் அலைந்து அலைந்து பிந்தும். இப்போது தாளைப் புத்தகத்தின் மேல் தட்டையாக வைத்து விடுங்கள். புத்தகம் காற்றை விலக்கிக்கொடுக்க, தாள் ஒட்டாமலே கூடவே வந்து விழும். தாள் புத்தகத்தின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் சோதனை கெட்டுவிடும்.

கிரிக்கெட்ல கேட்ச் பிடிக்கும்போது கையை ஏன் பின்னாடி இழுக்கணும்?

160 கிராம் பந்து 20 மீ/வி வேகத்தில் வந்தால் அதன் உந்தம் 0.16 × 20 = 3.2 கிகி மீ/வி. பிடித்து நிறுத்த இந்த 3.2 முழுவதையும் கழித்தாக வேண்டும். அதில் சலுகை கிடையாது. எவ்வளவு நேரத்தில் கழிக்கிறோம் என்பதில்தான் தேர்வு இருக்கிறது. கையை விறைப்பாக வைத்து 0.01 வினாடியில் நிறுத்தினால் சராசரி விசை 320 நியூட்டன்: நிறைந்த எரிவாயு உருளையின் எடை உள்ளங்கையில். கையைப் பின்னிழுத்து 0.1 வினாடி எடுத்துக்கொண்டால் 32 நியூட்டன்.

விசையையும் நேரத்தையும் பெருக்கிய இந்த அளவே கணத்தாக்கு. அது உந்த மாற்றத்துக்குச் சமம். உயரம் தாண்டுபவருக்கு மெத்தை போடுவதும், தலைக்கவசத்தின் உள்ளே நுரைப்பஞ்சு வைப்பதும் இதே கணக்கு.

செயலும் எதிர்ச்செயலும் சமம், எதிரெதிர்னா ரெண்டும் கழிஞ்சு போயிடுமே? அப்புறம் மாடு வண்டியை எப்படி இழுக்குது?

இந்தப் பாடத்தின் மிக நல்ல கேள்வி இது. இரண்டு விசைகள் ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டுமானால் இரண்டும் ஒரே பொருளின் மேல் செயல்பட வேண்டும். செயல் ஒரு பொருளின் மேல், எதிர்ச்செயல் இன்னொரு பொருளின் மேல். உங்கள் கணக்கில் வந்த வரவையும் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் போன செலவையும் கூட்டி ‘சரியாகிவிட்டது’ என்று யாரும் சொல்வதில்லை.

எண்களோடு பார்ப்போம். வண்டி 600 கிலோ, மாடு 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாடு நுகத்தடி வழியாக வண்டியை 800 நியூட்டன் முன்னே இழுக்கிறது. அச்சும் சாலையும் வண்டியை 500 நியூட்டன் தடுக்கின்றன. வண்டியை மட்டும் பார்த்தால் தொகுபயன் 300 நியூட்டன் முன்னோக்கி; முடுக்கம் 300 ÷ 600 = 0.5 மீ/வி². வண்டி நகர்கிறது. வண்டி மாட்டைப் பின்னே இழுக்கும் 800 நியூட்டனுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை, ஏனென்றால் அது வண்டியின் மேல் செயல்படவில்லை.

இனி மாட்டை மட்டும் பாருங்கள். வண்டி அதைப் பின்னே 800 நியூட்டன் இழுக்கிறது. மாடும் 0.5 மீ/வி² முடுக்கத்தில் போக 200 நியூட்டன் மிச்சம் வேண்டும். ஆகவே ஏதோ ஒன்று மாட்டை 1000 நியூட்டன் முன்னே தள்ள வேண்டும். அது சாலை. மாடு குளம்பை ஊன்றித் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை அதே அளவில் மாட்டை முன்னே தள்ளுகிறது. சேற்றில் குளம்பு வழுக்கும்போது மாட்டின் பலம் குறைந்துவிடுவதில்லை. தரையால் திருப்பித் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

மேசை மேல புத்தகம் இருக்கு. எடை கீழ, மேசை தாங்குற விசை மேல. இதுதானே செயல்-எதிர்ச்செயல் ஜோடி?

இல்லை, இரண்டும் புத்தகம் என்ற ஒரே பொருளின் மேல் செயல்படுகின்றன. இவை சமன்செய்யப்பட்ட விசைகள். ஜோடியைக் கண்டுபிடிக்க வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் போதும். ‘பூமி புத்தகத்தை இழுக்கிறது’ என்பதன் ஜோடி ‘புத்தகம் பூமியை இழுக்கிறது’. ‘மேசை புத்தகத்தை மேலே தள்ளுகிறது’ என்பதன் ஜோடி ‘புத்தகம் மேசையைக் கீழே தள்ளுகிறது’. ஆக மொத்தம் இரண்டு ஜோடிகள், நான்கு விசைகள்.

இன்னொரு அடையாளம்: ஜோடி விசைகள் எந்த நிலையிலும் சமம். எடையும் தாங்கும் விசையும் அப்படி இல்லை. புத்தகத்தை விரலால் மேலிருந்து அழுத்தினால் தாங்கும் விசை கூடும், எடை மாறாது.

கணக்கைப் பார்த்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. ஒரு வழி சொல்லுங்க.

ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதைப் புள்ளியாகவோ பெட்டியாகவோ வரையுங்கள். முதலில் எடையைக் கீழ்நோக்கி ஓர் அம்பாகப் போடுங்கள். பிறகு அந்தப் பொருளைச் சுற்றி விரலை ஓட்டி, அதைத் தொடுவது எவையெவை என்று பாருங்கள்: கயிறா, தரையா, கையா, காற்றா? தொடும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு. தரை இரண்டு அம்பு தரலாம், மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒன்று, அதையொட்டி உராய்வு ஒன்று. தொடாத எதற்கும் அம்பு இல்லை. காந்தமோ மின்னூட்டமோ கணக்கில் இருந்தால் அது மட்டும் விலக்கு.

அதற்குப் பிறகு கிடைமட்டம், செங்குத்து என்று இரண்டு திசையிலும் தனித்தனியாக விசை = நிறை × முடுக்கம் எழுதுங்கள். அம்பு போடும்போது வழக்கமாக நடக்கும் தவறு, ‘இயக்க விசை’ என்ற பெயரில் நகரும் திசையில் ஒரு கூடுதல் அம்பு. தருபவர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

கயிறு இழுக்கிற போட்டியில ரெண்டு அணி மேலயும் ஒரே இழுவிசைன்னா ஜெயிக்கிறது யாரு?

தரையை நன்றாகத் தள்ளுகிற அணி. கயிற்றின் நிறையைப் பொருட்படுத்தாவிட்டால் இழுவிசை இரு முனையிலும் ஒன்றே. மாட்டு வண்டியில் பார்த்ததுபோல, ஒவ்வோர் அணியின் மேலும் கயிறு ஒரு பக்கம் இழுக்க, தரை மறுபக்கம் தள்ளுகிறது. எந்த அணிக்குத் தரையின் உராய்வு கயிற்றின் இழுவிசையை மிஞ்சுகிறதோ அது பின்னே நகரும். கனமானவர்கள் இருக்கும் அணி தரையை அதிகம் அழுத்துவதால் அதற்கு உராய்வும் அதிகம் கிடைக்கும். குதிகாலை மண்ணில் புதைத்து, உடலைச் சாய்த்து நிற்பதும் அதற்குத்தான். வழவழப்பான தரையில் காலுறையோடு நிற்கும் பயில்வான் அணியை வெறுங்காலோடு நிற்கும் சிறுவர்கள் இழுத்துவிட முடியும்.

உராய்வு எப்பவும் இயக்கத்துக்கு எதிராத்தானே இருக்கும்?

உரசும் இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதற்கு எதிராக இருக்கும். பொருளின் இயக்கத்துக்கு எதிராக இருக்க வேண்டும் என்பதில்லை. நடக்கும்போது பாதம் பின்னோக்கி நழுவப் பார்க்கிறது, உராய்வு முன்னோக்கித் தள்ளுகிறது. மோட்டார் சைக்கிள் வேகமெடுக்கும்போது பின்சக்கரத்தின் மேல் சாலையின் உராய்வு முன்னோக்கி, முன்சக்கரத்தின் மேல் பின்னோக்கி.

இன்னொரு தவறான எண்ணம், உராய்வுக்கு ஒரே நிலையான அளவு உண்டு என்பது. 60 கிலோ பீரோவை எடுத்துக்கொள்வோம். எடை 588 நியூட்டன். உராய்வுக் குணகம் என்பது, பரப்பை அழுத்தும் விசையில் உராய்வு எத்தனை பங்கு என்று சொல்லும் எண்; ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4 என்று வைப்போம். 100 நியூட்டன் தள்ளினால் உராய்வும் 100. 200 தள்ளினால் 200. 294 நியூட்டன்வரை அது உங்களுக்கு ஈடுகொடுக்கும். அதைத் தாண்டியதும் பீரோ விடுபடும், உராய்வு சட்டென்று 235 நியூட்டனுக்கு இறங்கிவிடும். பீரோ அசைந்த நொடியில் தள்ளுகிறவர் முன்னால் தடுமாறுவது இந்த இறக்கத்தால்தான்.

பைக் வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் போட்டு நிக்கிற தூரமும் ரெண்டு மடங்குதானே?

நான்கு மடங்கு. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகத்தை 0.7 என்று எடுத்தால், 36 கிமீ வேகத்தில் தூரம் 100 ÷ (2 × 0.7 × 9.8), அதாவது சுமார் 7 மீட்டர். 72 கிமீ வேகத்தில் சுமார் 29 மீட்டர். இது பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் மட்டுமே. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆனால், 72 கிமீ வேகத்தில் அதற்குள்ளேயே 20 மீட்டர் போயிருக்கும். மழையில் குணகம் குறையும், தூரம் இன்னும் நீளும். வண்டி ஓட்டும் வயதை நெருங்கும் மாணவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

ராக்கெட் பின்னாடி இருக்கிற காத்தைத் தள்ளித்தானே மேல போகுது?

காற்று தேவையே இல்லை. ராக்கெட் தன் வயிற்றிலுள்ள எரிபொருளைச் சூடான வாயுவாக்கிக் கீழே தள்ளுகிறது. வாயு ராக்கெட்டை மேலே தள்ளுகிறது. ஜோடி இந்த இரண்டுக்கும் இடையில்தான். அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடர்டு ராக்கெட் பற்றி எழுதியபோது, வெற்றிடத்தில் அது இயங்காது என்று 1920இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே கேலி செய்தது. அப்பல்லோ 11 நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலையில் அந்த நாளிதழ் தன் திருத்தத்தை வெளியிட்டது.

இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் ஏவும்போது சுமார் 640 டன். எடை ஏறக்குறைய 63 லட்சம் நியூட்டன். தரையில் பற்றவைக்கப்படும் எஸ்200 மோட்டார்கள் இரண்டு. ஒவ்வொன்றின் உச்ச உந்துவிசை சுமார் 51 லட்சம் நியூட்டன். உந்துவிசை எடையைத் தாண்டினால்தான் ராக்கெட் தரையை விட்டு எழும். மேலே போகப் போக எரிபொருள் தீர்ந்து நிறை குறைவதால், அதே உந்துவிசையே அதிக முடுக்கம் தரும்.

லிப்ட் கிளம்பும்போது உடம்பு கனமாவும், இறங்கும்போது லேசாவும் இருக்கே, எடை மாறுதா?

பூமியின் இழுப்பு மாறவில்லை. தரை உங்களைத் தாங்கும் விசை மாறுகிறது. நாம் ‘கனம்’ என்று உணர்வது அதைத்தான். 50 கிலோ மாணவர் எடை பார்க்கும் கருவியின் மேல் நிற்கிறார். லிப்ட் 1.2 மீ/வி² முடுக்கத்தில் மேலே கிளம்பினால் தாங்கும் விசை 50 × (9.8 + 1.2) = 550 நியூட்டன்; கருவி 56 கிலோ காட்டும். அதே அளவு கீழ்நோக்கிய முடுக்கத்தில் 430 நியூட்டன், சுமார் 44 கிலோ. சீரான வேகத்தில் ஏறினாலும் இறங்கினாலும் 490 நியூட்டன், 50 கிலோ.

கவனிக்க வேண்டியது முடுக்கத்தின் திசை. மேலே போய்க்கொண்டிருக்கும் லிப்ட் ஐந்தாம் மாடியில் நிற்கத் தொடங்கும்போது முடுக்கம் கீழ்நோக்கி இருக்கும், உடல் இலேசாகும்.

அப்போ விண்வெளி நிலையத்துல மிதக்கிறாங்களே, அங்க ஈர்ப்பே இல்லையா?

இருக்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிமீ உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு முடுக்கம் சுமார் 8.7 மீ/வி², தரையில் உள்ளதில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பங்கு. முந்தைய பதிலில் உள்ள லிப்டின் கம்பி அறுந்தால் தாங்கும் விசை 50 × (9.8 − 9.8), அதாவது பூஜ்யம். நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் அப்படித்தான் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டில் வினாடிக்கு 7.7 கிமீ வேகம் இருப்பதால், விழ விழப் பூமி வளைந்து விலகிவிடுகிறது.

கல்லைக் கயித்துல கட்டிச் சுத்தினா மைய விலக்கு விசை வெளிய இழுக்குதுன்னு சிலர் சொல்றாங்க, சிலர் அப்படி ஒண்ணு இல்லைன்னு சொல்றாங்க. எது சரி?

தரையில் நின்று பார்ப்பவருக்கு அப்படி ஒன்று இல்லை. கல்லைத் தொடுவது கயிறு. கயிற்றால் உள்நோக்கி இழுக்க மட்டுமே முடியும். கயிறு அறுந்தால் கல் மையத்திலிருந்து நேர் வெளியே பாயாது, அந்தக் கணத்தில் போய்க்கொண்டிருந்த தொடுகோட்டுத் திசையில் போகும். விரலில் உணரும் வெளிநோக்கிய இழுப்பு, கயிறு உங்கள் கையின் மேல் தரும் விசை; கல்லின் மேல் அன்று.

கல்லோடு சேர்ந்து சுற்றும் ஒருவர் பார்வையில் கணக்குப் போட விரும்பினால், முதல் விதி அவருக்குச் செல்லாது. அதைச் செல்லுபடியாக்கச் சேர்க்கும் போலி விசைதான் மைய விலக்கு விசை. எந்தப் பார்வை என்று சொல்லிவிட்டால் இரு தரப்பும் சரி. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைத்தான் குறிப்பாயம் என்கிறோம்; பள்ளித் தேர்வில் ‘சுழலும் குறிப்பாயத்தில்’ என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள்.

தொகுபயன் விசை பூஜ்யம்னா முடுக்கம் பூஜ்யம். அது ரெண்டாம் விதியிலயே வருதே? முதல் விதி எதுக்குத் தனியா?

எங்கே நின்று பார்க்கும்போது இரண்டாம் விதி செல்லும் என்பதை முதல் விதிதான் சொல்கிறது. பேருந்துத் தரையில் ஒரு பந்து கிடக்கிறது. பேருந்து கிளம்பியதும், யாரும் தள்ளாமலே பந்து பின்னால் உருள்கிறது. பேருந்துக்குள் இருப்பவர் பார்வையில் விசை இல்லாமலே முடுக்கம். இரண்டாம் விதி பொய்த்ததுபோல் தெரியும். அந்தப் பேருந்து நிலைமக் குறிப்பாயம் அன்று. முதல் விதி உண்மையாக இருக்கும் இடத்தில் நின்றுகொண்டுதான் இரண்டாம் விதியைப் போட வேண்டும்.

பூமி சுழல்வதால் அதுவும் கறாரான நிலைமக் குறிப்பாயம் இல்லை. ஆனால் அந்தச் சுழற்சியின் முடுக்கம் நிலநடுக்கோட்டிலேயே 0.034 மீ/வி²தான். நம் கணக்குகளில் விட்டுவிடலாம்.

ஒரு சுருள்வில் தராசை ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் 50 நியூட்டன் இழுத்தா என்ன காட்டும்? 100ஆ, பூஜ்யமா?

50. ஒருவரை எடுத்துவிட்டு, தராசின் வளையத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள். மற்றவர் 50 நியூட்டன் இழுக்கிறார். தராசு 50 காட்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அப்போது தராசு ஏன் நகரவில்லை? ஆணி அதை எதிர்ப்பக்கம் 50 நியூட்டன் இழுத்துப் பிடிக்கிறது. ஆணி செய்த வேலையைத்தான் உங்கள் கேள்வியில் இரண்டாவது ஆள் செய்கிறார். சுருளுக்கு வித்தியாசம் தெரியாது.

பூஜ்யம் என்று சொன்னவர்கள் தராசின் மேல் உள்ள தொகுபயன் விசையைச் சொன்னார்கள். அது பூஜ்யம்தான், அதனால்தான் தராசு அசையவில்லை. தராசு காட்டுவது தொகுபயனை அல்ல, கொக்கியை இழுக்கும் விசையை. ஆய்வகத்தில் இரண்டு தராசுகளின் கொக்கிகளை ஒன்றோடொன்று மாட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும், யார் ‘அதிகமாக’ இழுத்தாலும். இரண்டிலும் சிறு வேறுபாடு வந்தால் மூன்றாம் விதியைச் சந்தேகிக்க வேண்டாம். தொங்கவிட்டுப் பயன்படுத்துவதற்காகப் பூஜ்யம் அமைத்த தராசைக் கிடையாகப் படுக்கவைத்தால், கொக்கியின் எடை சுருளை இழுக்காததால் முள் பூஜ்யத்தைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். இழுக்கும் முன் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.